செல்லும் காசு

அமாவாசைக் காலை. செஞ்சிப் பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டு போகிறது, ஒரு பை போகிறது, பின்னாலேயே ஒரு பொடியனும் போகிறான். இடம் பிடித்தாயிற்று. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு இன்று இரவு ஊஞ்சல் உற்சவம். ராத்திரிக் கூட்டத்துக்குப் பயந்தவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். எலுமிச்சம்பழ மாலை, வேப்பிலைக் கொத்து, மஞ்சள் புடவை, பைக்குள்ளிருந்து முனகும் கோழி. "மலையனூர் ஏறு, மலையனூர் ஏறு" என்று ஒரு குரல். அதை வெட்டிக்கொண்டு "திருணாமலை, திருணாமலை" என்று இன்னொரு குரல். திண்டிவனம் வண்டி மட்டும் அவசரமில்லாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது.

நிலையத்துக்கு வெளியே, கரும்புச்சாறு வண்டிக்கும் செருப்புத் தைப்பவரின் குடைக்கும் நடுவில் ஒரு நீலத் தார்ப்பாய். நான்கு மூலையிலும் கல். மேலே காசுகள். பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, மடியில் ரெக்சின் பை. அவர் கூவுவதில்லை. யாராவது குனிந்தால் நிமிர்ந்து பார்க்கிறார். போய்விட்டால் கிழிந்த பனியன் துணியால் மறுபடி காசு துடைக்கிறார்.

முன்வரிசையில் சீக்கிரம் விற்றுப்போகிற சரக்கு: ஓட்டைக் காலணா, ஜார்ஜ் மன்னர் தலை, தாமரை போட்ட மஞ்சள் 20 பைசா. நடுவரிசையில் தலைவர்கள். காமராசர் இருக்கிறார். 2009இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் இருக்கிறது. அவருடைய தமிழ்க் கையெழுத்தும் அதில் பொறித்திருக்கிறது. கடைசி வரிசை தார்ப்பாயின் ஓரத்தில், வெயில் நேராக விழும் இடத்தில். அங்கே பிரபலமான முகம் எதுவும் இல்லை. ஒரு குடும்பம், ஒரு குழந்தை, ஒரு தாய் என்று ஏதோ ஒரு படம். சுற்றிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் ஒரு வாசகம். சனங்களின் வயிற்றையும் உடம்பையும் நினைத்து அரசாங்கம் அடித்துவிட்ட காசுகள் இவை.

திருவண்ணாமலை வண்டிக்கு நேரமிருக்கிறது போலும், கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் வந்து குந்துகிறார்கள். ஒருவன் கைப்பேசியை நீட்டுகிறான்.

"அண்ணா, இந்த மாதிரி டிராக்டர் போட்ட அஞ்சு ரூபா நோட்டு இருந்தா பத்து லட்சமாமே?"

"எங்கிட்ட அம்பது ரூபாய்க்குக் கெடைக்கும். பத்து லட்சத்துக்கு வாங்கறவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லு தம்பி, நானே குடுத்துர்றன்."

பையன்கள் சிரிக்கிறார்கள். இந்தப் 'பத்து லட்சம்' விளம்பரங்களை நம்பி ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. அறிக்கை வந்த பிறகும் விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சிரித்த வாயோடு ஒருவன் கடைசி வரிசையைக் கிளறுகிறான். நெளிந்த விளிம்புள்ள அலுமினியப் பத்துப் பைசா ஒன்றை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். 1974. திட்டமிட்ட குடும்பம், அனைவருக்கும் உணவு. "இதுல குடும்பமே இருக்குதுடா" என்று அடுத்தவனிடம் நீட்டுகிறான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அந்தக் காசு புழங்கிய காலத்தில் இவனுடைய தாத்தா அதைக் கொடுத்து டீயோ பீடியோ வாங்கியிருப்பார். அவர் அதைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார். கையில் எத்தனை இருக்கிறது என்பதுதான் அன்றைக்கு முக்கியம். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்றாகிவிட்டது. செல்லாமல் போன பிறகுதான் அதைப் படிக்க ஓர் ஆள் வந்திருக்கிறான்.

பையன் காசுகளை ஆண்டு வாரியாக அடுக்கத் தொடங்குகிறான். விளையாட்டுக்குத்தான். ஆனால் அடுக்க அடுக்க அந்த ஓரத்தில் ஒரு கதை உருவாகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1968இல் தொடங்கிய நாணயத் திட்டத்தில் இந்தியாவும் சேர்ந்தது. அதன் வழியாக 1970இல் 'எல்லோருக்கும் உணவு' என்ற 20 பைசா. பிறகு 1974இன் இந்தக் குடும்பம். 1979 சர்வதேசக் குழந்தைகள் ஆண்டுக்கு 'மகிழ்ச்சியான குழந்தை, நாட்டின் பெருமை'. 1990இல் இரண்டு ஒரு ரூபாய்கள்: ஒன்று, பால்வாடிகளை நாடெங்கும் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்குப் பதினைந்து வயது ஆனதற்கு, மற்றொன்று, சார்க் நாடுகள் பெண் குழந்தைகள் ஆண்டு கொண்டாடியதற்கு. 1993இல் 'சிறு குடும்பம், மகிழ்ச்சியான குடும்பம்' என்று 2 ரூபாய். 1996இல் 'தாயின் நலமே சேயின் நலம்' என்று கனத்த 5 ரூபாய். 2011இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நூற்றாண்டு. 2015இல் யோகா தினத்துக்கு 10 ரூபாய்.

முதலில் வயிறு, அடுத்து கருப்பை, அடுத்து பிள்ளை, அப்புறம் தாய், கடைசியில் தொப்பை. ஒரு தேசத்தின் கவலை எந்த வருடம் உடம்பின் எந்த இடத்தில் இருந்தது என்பது இந்த ஓரத்தில் வரிசையாகக் கிடக்கிறது.

திருவண்ணாமலை வண்டி ஹாரன் அடிக்கிறது. பையன்கள் ஒன்றும் வாங்காமல் ஓடுகிறார்கள். அடுக்கிய வரிசையைக் கடைக்காரர் கலைக்கவில்லை.

அடுத்து வந்து நிற்பவர்கள் கோட்டை பார்க்க வந்தவர்கள். அந்த அம்மாளின் நெற்றியில் பிறை வடிவக் குங்குமம், மராட்டியில் பேசிக்கொள்கிறார்கள். ஊருக்கு மேற்கே 800 அடி உயரத்தில் நிற்கும் ராஜகிரியைப் பார்க்க இப்போது மகாராஷ்டிரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று அவர்கள் மாநிலத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது செஞ்சி. சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை, அவர் மகன் ராஜாராம் முகலாய முற்றுகைக்குள் வருடக்கணக்கில் தாக்குப்பிடித்த கோட்டை. கடைக்காரருக்கு மராட்டி தெரியாது. ஆனால் என்ன கேட்பார்கள் என்பது தெரியும். கேட்பதற்கு முன்பே ரெக்சின் பையிலிருந்து 1999இன் சிவாஜி 2 ரூபாயை எடுத்து வைக்கிறார். அந்த ஆள் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு பணம் எடுக்கிறார்.

அந்த அம்மாள் அதற்குள் கடைசி வரிசைக்குக் குனிந்துவிட்டார். 1993இன் 2 ரூபாயை எடுக்கிறார். அதிலிருக்கும் இந்தியைத் தடையில்லாமல் வாய்விட்டுப் படிக்கிறார். படித்துவிட்டுத் தன் மூன்று பிள்ளைகளையும் ஒரு சுற்றுப் பார்த்து, கணவனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். அவரும் சிரிக்கிறார். அடித்து முப்பது வருடம் கழித்து அந்தக் காசு ஒரு குடும்பத்தைப் போய்ச் சேர்ந்திருக்கிறது, மூன்றாவது பிள்ளைக்கும் பிறகு.

செஞ்சிப் பக்கத்து ஊர்களில் அந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை வேறு. தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணமும் 'நாமிருவர் நமக்கிருவர்' என்ற தமிழ் எழுத்தும் இல்லாத சுவர் அன்றைக்கு அரிது. பஸ்ஸின் பின்புறத்திலும் அதே முக்கோணம். வீட்டு வாசலுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிய நர்சம்மா. பள்ளிக்கூடத்துக்குப் போன பெண் பிள்ளைகள். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை, நாட்டின் சராசரி 2. சொன்னபடி கேட்ட மாநிலத்துக்கு நாடாளுமன்றத் தொகுதி குறையும் போலிருக்கிறது என்ற பேச்சு எழுந்ததும், 2024 அக்டோபரில் சென்னையில் ஒரு திருமண மேடையில், பதினாறும் பெற்றால்தான் என்ன என்ற தொனியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கேட்டார். சேதி திரும்பிவிட்டது. 1993இன் 2 ரூபாய் மட்டும் இன்னும் சட்டப்படி செல்லும், பழைய சேதியோடு.

பக்கத்து டீக்கடையில் சத்தம்.

"பத்து ரூபா காயின் வேணாண்ணா. நோட்டா குடு."

"ஏம்பா, கவர்மெண்டு அடிச்ச காசுதான?"

"கவர்மெண்டுதான் அடிச்சது. நான் குடுத்தா ஒருத்தனும் வாங்க மாட்டன்றான். இதுல யாரோ ஒக்காந்துகினு வேற இருக்கறாங்க."

டீ குடித்தவர் காசைத் திருப்பிப் பார்க்கிறார். யோகா தினக் காசு அது. 10 ரூபாய் நாணயம் போலி என்ற வதந்தி தமிழ்நாட்டில் பல வருடம் ஓடியது. கோடு பத்தா பதினைந்தா, ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். பதினான்கு வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கம் சொன்னது. ஒவ்வொரு நற்காரியத்துக்கும் ஒரு முகம் மாற்றியதில் காசின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. உடம்பைப் பேணச் சொன்ன காசு, டீக்குக்கூட ஆகாமல் சட்டைப் பைக்குத் திரும்புகிறது. டீக்காரர் தன் பங்குக்கு அரை வாசகம் சொல்லி முடிக்கிறார்: "சக்கர கம்மியா போட்டிருக்கன், குடிண்ணா."

நிலையத்தின் வாசல் தூணுக்குக் கீழே ஒரு முதியவர். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. தட்டைப் பிடிக்கும் விதத்திலேயே பழைய நோய் தெரிகிறது. மருந்து அவரைக் குணப்படுத்தி எவ்வளவோ காலம் ஆகியிருக்கும், தழும்பு போகவில்லை. மலையனூர் போகிறவர்கள் தாராளமாகத்தான் போடுகிறார்கள். ஆனால் எல்லோருடைய காசும் ஒரு முழ உயரத்திலிருந்து விழுகிறது. தட்டில் கை பட்டுவிடக் கூடாது.

உடல்நலத்துக்கென்று உலகில் அடித்த பழைய காசுகளில் சில இந்த ஒரு முழ இடைவெளிக்காகவே அடித்தவை. தென் அமெரிக்காவில் கொலம்பியா 1901இல் தொழுநோயாளர் குடியிருப்புகளுக்கென்று தனி நாணயம் வெளியிட்டது. பிலிப்பைன்ஸில் கூலியன் தீவுக் குடியிருப்புக்கு 1913 முதல் தனிக் காசு. அவர்கள் தொட்ட காசு வெளியே வந்துவிடக் கூடாது என்ற பயம். காசில் அந்த இடத்தின் பெயரைப் பொறித்திருந்தார்கள். வெளியே அதற்கு மதிப்பில்லை. தொட்டதால் மட்டும் தொழுநோய் வராது, மருந்தால் தீரும் என்பது இன்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. சைக்கிளில் வந்த ஒரு பையன், பள்ளிச் சீருடையில், குனிந்து தட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறான். பாடத்தை நினைத்து வைத்தானா, குறி தவறக் கூடாதென்று வைத்தானா, தெரியாது.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவர் வண்டிக்கு வண்டி ஏறி இறங்குகிறார். கண் தெரியாது. கழுத்தில் தொங்கும் கூடையில் காகிதப் பொட்டலங்கள், இடுப்பில் இரண்டு அறை உள்ள துணிப் பை. காசு வாங்கியதும் கட்டைவிரல் நகம் விளிம்பில் ஒரு சுற்று ஓடுகிறது. பழைய பதினொரு முனை 2 ரூபாய் கிடைத்தால் நகம் உடனே நின்றுவிடுகிறது, கண்டுகொண்டார். குண்டு 5 ரூபாயும் அப்படித்தான். சிக்கல் வட்ட எஃகுக் காசுகளில். 1992 முதல் வந்த ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை. 2011இல் வந்த 2 ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். இரண்டும் இன்றைக்கும் ஒரே பையில் புழங்குகின்றன. அந்த இரண்டும் வரும்போது அவர் விரல் முகத்தின் மேல் தடவித் தடவி நிற்கிறது. பிறகு கொடுத்தவரிடமே கேட்கிறார்: "எவ்ளோ குடுத்தீங்க சார்?"

கண் தெரியாதவர்களுக்கு எழுத்துக் கொடுத்த லூயி பிரெயிலுக்கு இருநூறாவது ஆண்டு வந்தபோது, 2009இல், இந்தியா அவர் முகம் போட்ட 2 ரூபாய் வெளியிட்டது. அதுவும் இந்தத் தார்ப்பாயில் இருக்கிறது, உறை போட்டு. இரண்டு வருடத்தில் வந்த புதிய வரிசையின் 2 ரூபாயும் பழைய ஒரு ரூபாயும் விரலுக்கு ஒன்றாகிவிட்டன. 2019 மார்ச்சில் வந்த வரிசையைத்தான் கண் தெரியாதவர்களை நினைத்துச் செய்தோம் என்றார்கள். மதிப்புக் கூடக் கூட எடை கூடும், 10 ரூபாய் வரை அகலமும் கூடும்; 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு முனை. அதில் எந்த விழிப்புணர்வு வாசகமும் கிடையாது. ஆனால் மல்லாட்டைக்காரரின் நகத்துக்கு அதுதான் நேராகப் பேசுகிறது.

வெயில் ஏறுகிறது. தோளில் பையோடு ஒரு பெண் தார்ப்பாய் பக்கமாக நிழலுக்கு ஒதுங்குகிறார். பையிலிருந்து இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் குழாய் எட்டிப் பார்க்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களில் ஒருவர் இவர். சும்மா நிற்கும் நேரத்தில் கண் கீழே போகிறது. 1996இன் 5 ரூபாயை எடுக்கிறார்.

"மதர்ஸ் ஹெல்த்… இது எப்பண்ணா வந்தது? நாங்க பாக்கவே இல்லியே."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருக்கும்மா."

"அதெல்லாம் இல்ல, அப்ப நான் ஒண்ணாவது." அவர் சிரிக்கிறார். "அஞ்சு ரூபாயில எழுதி என்னாண்ணா பிரயோசனம்?"

அவருடைய கணக்கு வேறு. இந்த மாநிலத்தில் ஏழைக் கர்ப்பிணிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி கொடுக்கிறார்கள். 2006இல் அது 6,000 ரூபாய், 2011இல் 12,000, பிறகு 18,000. தாயின் நலமே சேயின் நலம் என்பதை இங்கே அந்தத் தொகை சொல்கிறது. வெளிநாட்டிலும் நோய்க்காகக் காசு அடித்ததுண்டு, சில இடங்களில் காசே தொகையாகவும் ஆனது. மார்பகப் புற்றுநோய்க்காகக் கனடா 2006இல் இளஞ்சிவப்பு நாடாவை வண்ணத்திலேயே பதித்த 25 சென்ட்டை ஏறக்குறைய 3 கோடி அடித்துக் கடைத்தெருவில் விட்டது. அமெரிக்கா 2018இல் அதே நோய்க்காக வெளியிட்ட தங்க, வெள்ளி நாணயங்களின் விலையில் ஒரு பங்கு நேராக ஆராய்ச்சி நிதிக்குப் போனது. நம்முடைய கடைசி வரிசைக் காசுகள் நிதி திரட்டவில்லை. சொல்ல மட்டும் செய்தன. சொன்னதையும் அவசரத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அவர் காசை வைக்கப்போகும்போது பக்கத்தில் ஒரு குரல்.

"ஏம்பா, இது செல்லுமா பாரு."

ஆயாவுக்கு எழுபதுக்கு மேல். கூட வந்திருக்கும் மகளுக்கு நாற்பத்தைந்து கடந்திருக்கும். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் கட்டு. ஆயா சுருக்குப் பையிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுக்கிறார். மஞ்சள் துணி வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. முடிச்சு இறுகிக் கிடக்கிறது. பல்லால் கடித்து அவிழ்க்கிறார். உள்ளே அலுமினியப் பத்துப் பைசா, மஞ்சள் கறையோடு.

"இவளுக்கு ரெண்டு வயசுல அம்மை வாத்துது. கண்ணே தொறக்கல. அப்ப மலையனூரா நெனச்சிக்கினு முடிஞ்சன். எறங்கிடுச்சி. அப்பறம் மறந்தே பூட்டன். இப்ப இவ காலு ஆறவே மாட்டுது. பாக்கி இருக்குதுன்னு பூசாரி சொன்னாரு. தேடினா அரிசிப் பானையில கெடக்குது."

காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்காத வீடு இந்தப் பக்கத்தில் இருக்காது. குணமானதும் அந்தக் காசு கோயில் உண்டியலுக்குப் போக வேண்டும். யாரும் உத்தரவு போடாமலே ஒரு காசு ஒரு பிள்ளையின் உடம்புக்காக என்று குறிக்கப்பட்டுவிடுகிறது.

கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுக்கிறார். கறையை மெதுவாகத் துடைக்கிறார்.

"செல்லாது ஆயா. நிறுத்திப் பதினஞ்சு வருசம் ஆவப்போவுது. ஆனா எழுவத்தொம்பதாம் வருசத்துக் காசு. குழந்தைங்க ஆண்டுன்னு அடிச்சது. முப்பது ரூபா தர்றன்."

"சாமி காச விக்கறதா? நல்லா இருக்குது."

"சரி, வேணாம்." அவர் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "புள்ள சந்தோஷமா இருந்தா நாட்டுக்கே பெருமன்னு எழுதியிருக்கு இதுல."

ஆயா காசை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கிறார். படிக்கத் தெரியாது.

"புள்ள நல்லா இருக்கணும்னுதான முடிஞ்சன்" என்கிறார், அதில் என்ன புதுசு என்கிற குரலில்.

அந்தக் காசு வெளிவந்தபோது தட்டம்மைத் தடுப்பூசி இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. அது 1985இல்தான் சேர்ந்தது. இந்த மகளுக்கு அம்மை வார்த்த நாளில் மகிழ்ச்சியான குழந்தை காசில் இருந்தது. ஊசி இன்னும் ஊருக்கு வந்து சேரவில்லை. அன்றைக்கு அந்தக் காசை வைத்துக்கொண்டு ஒரு தாயால் செய்ய முடிந்தது முடிந்து வைப்பதுதான். வாசகம் தெரியாமலே அது சொன்னபடி செய்திருக்கிறார்.

பைக்காரப் பெண் அதற்குள் குந்தி, மகளின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சுகரா அக்கா? கட்டு எப்ப மாத்தினீங்க?"

"நேத்தில்ல, முந்தாநேத்து."

"மாத்திரை?"

மகள் ஆயாவைப் பார்க்கிறாள். ஆயா வேறு பக்கம் பார்க்கிறார்.

"மூணு நாளா போடல. விரதம்."

"விரதத்துக்கும் மாத்திரைக்கும் சண்டையா அக்கா? அம்மன் வேணாம்னா சொன்னா? ராத்திரி பூரா நிக்காதீங்க. அந்தக் கால கீழ வெக்காம ஒக்காந்து பாருங்க. நாளைக்குக் காலையில நேரா ஜி.எச்.சுக்கு வந்துருங்க, கட்டு மாத்தணும். செருப்பில்லாம கோயில்ல நடக்கறப்ப கால் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது, அதான் சொல்றன்."

மகள் தலையாட்டுகிறாள். மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று ஆயாவே தேடி எடுத்துக் கொடுக்கிறார். கரும்புச்சாறு வண்டிக்காரர் ஒரு குவளைத் தண்ணீர் நீட்டுகிறார். "சாறு வேணாம்மா, தண்ணிதான்" என்று அவராகவே சொல்லிக்கொள்கிறார்.

இப்போது ஆயாவுக்கு ஒரு ரூபாய் வேண்டும். செல்லாக் காசை மட்டும் சாமிக்குப் போட மனம் வரவில்லை. அதோடு செல்லும் காசு ஒன்றும் சேர்த்து முடிய வேண்டும். பைக்காரப் பெண் தன் பர்ஸைத் திறக்கிறார்.

"ஒன்னுது வேணாம்மா. வேண்டுதல் காசு கைக்காசா இருக்கணும்."

கடைக்காரர் கடைசி வரிசையிலிருந்து 1990இன் ஒரு ரூபாயை எடுக்கிறார், பெண் குழந்தைகள் ஆண்டுக்கு அடித்தது. தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு அது கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

"இது இன்னும் செல்லும் ஆயா. பொம்பளப் புள்ளையக் காப்பாத்துன்னு போட்டது."

"எவ்ளோ?"

"இருவது."

"ஒரு ரூபா காசு இருவது ரூபாயா? போப்பா."

மல்லாட்டைக்காரர் அந்த வழியாக வருகிறார். ஆயா ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஒன்று வாங்கிப் பத்து ரூபாய் நோட்டு நீட்டுகிறார். "பாக்கிய ஒத்த ஒத்த ரூபாயா குடுப்பா." அவர் துணிப் பைக்குள் விரலை விட்டு, ஒவ்வொன்றாகத் தடவி ஐந்து காசு எடுத்து வைக்கிறார். ஆயா எண்ணுகிறார். நான்காவதில் நிற்கிறார்.

"தோ, இது ரெண்டு ரூபா காசு. ஒன்ன எடுத்துக்க, ஒத்தது குடு. அம்மனுக்குப் போறது கணக்கா இருக்கணும்."

அவர் வாங்கித் தடவிப் பார்க்கிறார். "ரெண்டும் ஒன்னாவே கீது ஆயா" என்று சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுக்கிறார்.

பழைய மஞ்சள் துணிக்குள் இரண்டு காசும் போகின்றன. செல்லாத பத்துப் பைசாவும் செல்லும் ஒரு ரூபாயும். முடிச்சைப் போட்டுக்கொண்டே ஆயா மகளைக் கைத்தாங்கலாக வண்டிக்குள் ஏற்றுகிறார். நடத்துநர் கால் கட்டைப் பார்த்துவிட்டு முன் இருக்கையிலிருந்து ஒரு பையனை எழுப்பிவிடுகிறார்.

உண்டியல் திறக்கும் நாளில் பத்துப் பைசாவைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். ஒரு ரூபாய் மூட்டையோடு வங்கிக்குப் போகும். வங்கியிலிருந்து செஞ்சிக் கடைத்தெருவுக்கே அது திரும்பி வரலாம். டீக்கடைக் கல்லாவுக்கோ மல்லாட்டைப் பைக்கோ போகலாம். யாருடைய காலுக்காக முடிந்தது என்று அதில் எழுதியிருக்காது. இந்த ஊரில் கைமாறும் காசில் எத்தனை அப்படி ஒரு முடிச்சுக்குள் இருந்துவிட்டு வந்தவை என்பதையும் எந்தத் தார்ப்பாயிலும் வரிசையாக அடுக்கிக் காட்ட முடியாது.